மேற்குக் கண்ணாடிக்கு நிழல், ஹாலுக்குத் துணி: பல்லடம் வாசகிக்குப் பதில்

கேள்வி:
பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறதுங்க. ஆர்க்கிடெக்ட் போட்ட மாடர்ன் பிளான். ஹால் 22 அடிக்கு 14 அடி, மாடி வரைக்கும் திறந்து 19 அடி உயரம். மேற்குச் சுவரில் 12 அடி அகலம், 7 அடி உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல். தரையிலிருந்து ஒரு அடி மேலே ஆரம்பிக்கிறது, அதற்கு மேல் இரண்டடி சன்ஷேடு. வடக்குச் சுவரின் உச்சியில் வெளிச்சத்துக்காக நாலு அடிக்கு ஒன்றரை அடியில் இரண்டு கண்ணாடி, திறக்க முடியாதவை. சுவர் முழுக்க வெள்ளை, தரை பளபளப்பான டைல்ஸ். படத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்த ஹாலில் மூன்று மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை. பேசினால் எதிரொலிக்கிறது, அத்தைக்கு டிவி சத்தம் புரிவதே இல்லை. இன்டீரியர் செய்கிறவர் ஒன்பது லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்: 10 அடியில் ஃபால்ஸ் சீலிங், கண்ணாடிக்கு எதிரே கிழக்குச் சுவரில் பிவிசி பேனல் ஒட்டிய டிவி யூனிட், வால்பேப்பர், ப்ரொஃபைல் லைட், கிச்சனுக்கு அக்ரிலிக் கதவு. எங்களால் முடிந்தது நாலு லட்சம். அப்பாரு காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த இரண்டு மரத்தூண் கல்லோடு இருக்கிறது. அதையும் எங்கேயாவது வைக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். எதில் ஆரம்பிப்பது?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். விலையை விடுங்கள், நீங்கள் சொன்ன இரண்டு தொந்தரவுகளில் ஒன்றைக்கூட அது தீர்க்காது, வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். உங்கள் ஹாலுக்கு வேண்டியது வெளியே நிழலும் உள்ளே துணியும். அவை இரண்டும் வந்த பிறகு பாருங்கள், அலங்காரம் என்று தனியாகச் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

முதலில் கண்ணாடி. இரண்டடி சன்ஷேடு தெற்கு ஜன்னலுக்குப் போதும், மேற்குக்குப் போதாது. சித்திரை மாதத்தில் உங்கள் ஊரில் மாலை நாலு மணிக்கு அந்தச் சன்ஷேடின் நிழல் கண்ணாடியில் ஒன்றரை அடிதான் இறங்கும், ஐந்து மணிக்கு முக்கால் அடி. மீதி ஐந்தரை ஆறு அடிக் கண்ணாடியும் நேர் வெயிலில் நிற்கிறது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி தன்மேல் விழும் வெயில் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கை உள்ளே விட்டுவிடும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் நாலு மணிக்கு மூன்று கிலோவாட் அளவுக்கு வருகிறது. ஹாலுக்குள் மூன்று இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்த மாதிரி.

இதற்கு உள்ளே கனமான திரை போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையில் பட்டு, திரை சூடாகி, அந்தச் சூடு ஹாலுக்குள்ளேயேதான் பரவும். வெளிர் நிறத் திரை வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் என்பதால் பாதி வரைக்கும் தடுக்கலாம். அதே தடுப்பு கண்ணாடிக்கு வெளியே நின்றால் முக்கால் பங்குக்கு மேல் நின்றுபோகும். கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டும் யோசனை வந்தால் அதையும் தள்ளிவையுங்கள். அடர்ந்த ஃபிலிம் சூட்டைக் கண்ணாடியிலேயே தேக்கும். டஃபன் செய்யாத, அதாவது சூடேற்றிக் கடினமாக்காத கண்ணாடியாக இருந்து, பாதி வெயிலிலும் பாதி சன்ஷேடு நிழலிலும் நின்றால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. உங்கள் கண்ணாடி நிற்பதும் அப்படித்தான்.

வெளியே என்ன போடலாம்? நல்ல வழி, செங்குத்தாக நின்று திரும்பக்கூடிய அலுமினிய லூவர், அதாவது வரிசையாக நிற்கும் பட்டைகள். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் படுக்கைவாட்டுப் பட்டைகளை ரொம்ப நெருக்கமாகப் போட வேண்டியிருக்கும், வெளியே தோட்டம் தெரியாது. செங்குத்துப் பட்டையைச் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்துத் திருப்பிவிடலாம். சூரியன் வைகாசி ஆனியில் வடமேற்கில் இறங்கும், மார்கழியில் தென்மேற்கில் இறங்கும். அதனால் நிலையாக வெல்டு செய்த பட்டை வருடத்தில் பாதிக் காலம் தப்பான பக்கம் பார்த்து நிற்கும். 150 மி.மீ. அகலப் பட்டை, 140 மி.மீ. இடைவெளி என்று கேளுங்கள். மூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சென்டிமீட்டர் ஏறி நிற்கும். கண்ணாடிக்கும் லூவருக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடி விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்க ஆள் நிற்க முடியாது, லூவரின் சூடும் கண்ணாடியில் ஏறும்.

குறைந்த செலவில் முடிக்க, மூங்கில் தட்டி. 12 அடிக்கு ஒரே தட்டியாகச் செய்யாதீர்கள். அந்த எடைக்குக் கயிறு இழுபடாது, ஒரு வருடத்தில் நடுவே தொங்கிவிடும். நாலு அடி அகலத்தில் மூன்றாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கப்பி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் காற்றுக் கணக்கு முக்கியம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் பக்கம் வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காற்றாலை நட்டிருக்கிறார்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், 12 அடிக்கு 8 அடி மூடிய தட்டியை ஏறத்தாழ 120 கிலோ பாரம் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பாரம் நாலு மடங்கு. அதனால் ஃப்ரேமைச் செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ மாட்டவே கூடாது. மேலே லிண்டல் அல்லது ஸ்லாப் கான்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட், கீழே தனிச் சிமென்ட் பீடம். தட்டியாக இருந்தால் இரு ஓரமும் மேலிருந்து கீழ்வரை 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி இழுத்து, தட்டியின் ஓர வளையங்களை அதில் கோத்துவிடுங்கள். கம்பி இல்லாத தட்டி முதல் ஆனிக்காற்றிலேயே கண்ணாடியில் மோதும். காற்று பலமாக அடிக்கும் நாளில் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டியதுதான்.

இடம் இருக்கிறதே, தோட்டம்தானே! கண்ணாடியிலிருந்து 12, 15 அடி தள்ளி மேற்கில் இரண்டு புங்கன் வையுங்கள். மாசி பங்குனியில் இலை கொட்டினாலும் வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் புதுத் துளிர் விட்டு அடர்ந்துவிடும். முருங்கை மட்டும் வேண்டாம். அந்தக் காற்றுக்குக் கிளை தாங்காது, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரேறி வரும்.

இனி வடக்குச் சுவர் உச்சியில் இருக்கிற அந்த இரண்டு கண்ணாடி. உங்கள் வீட்டில் பணம் போட்டால் அதிகம் திருப்பித் தரும் இடம் இதுதான், ஆனால் கொட்டேஷனில் இதைப்பற்றி ஒரு வரி கூட இல்லை. சூடான காற்று மேலே ஏறும், அங்கே வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அந்தக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, மழைச்சாரல் உள்ளே வராதபடி கீழ்நோக்கிச் சாய்ந்த பட்டைகளும் உள்பக்கம் கொசுவலையும் வைத்த வென்டிலேட்டர் மாட்டுங்கள். மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அது தானே இழுத்துக்கொள்ளும். காற்றில்லாத சித்திரை இரவுகளுக்காக, ஒன்றில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து ஸ்விட்சைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மாலை வெயில் இறங்கியதும் மேற்கு ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டால் ஹாலில் தேங்கிய சூடு மேலே போய்விடும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடர்ன் வீடு என்றாலே வெயிலுக்கு ஆகாது என்று உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். அதை ஏற்க முடியாது. ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் கட்டிய ‘டியூப் ஹவுஸ்’ ஒடுங்கிய, சிக்கனமான மாடர்ன் வீடு. சாய்ந்த கூரையின் அடியில் சூடான காற்று ஏறி உச்சித் திறப்பு வழியாக வெளியே போகும். கதவோரம் இருந்த லூவரைத் திருப்பி உள்ளே வரும் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். சண்டிகரில் ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியே கட்டிய செயலகத்தின் முகப்பு முழுவதும் வெயில்தடுப்புக் கான்கிரீட் சட்டங்கள்தான். அந்தக் கட்டடத்தின் அழகே அந்த ஆழமான நிழல்தான். உங்கள் ஆர்க்கிடெக்ட் 19 அடி உயரம் கொடுத்ததும் அதே பாடம் படித்துத்தான் இருக்கும். பாதி செய்துவிட்டு, உச்சியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள்.

அதனால்தான் 10 அடியில் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்கிறேன். அது அந்த வென்டிலேட்டர்களை மறைக்கும், சூடு ஏறிப்போகும் இடத்தையே மூடிவிடும், வீட்டின் ஒரே பெருமையான அந்த உயரமும் போய்விடும். ஒரு நியாயம் அதற்கு உண்டு: ஏசி போடுவதாக இருந்தால் குளிர வைக்க வேண்டிய காற்று பாதியாகக் குறையும். ஹாலுக்கு ஏசி வேண்டுமா என்று யோசியுங்கள். உங்கள் ஊரில் ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் வீசும் காற்றை மூடிவைத்துவிட்டு ஏசி ஓட்டுவது வீண் செலவு. அத்தைக்குக் கோடைப் பகலில் குளிர்ச்சி வேண்டுமானால் அவர் அறையில் ஒன்று போடுங்கள். படுக்கையறைகளில் ஜிப்சம் சீலிங் போட ஆசையிருந்தால் போடலாம். ஃபேன் கொக்கி மட்டும் கான்கிரீட் ஸ்லாபிலிருந்தே வர வேண்டும், ஜிப்சத்தில் மாட்டக் கூடாது. ஃபேன் இறக்கைக்கும் சீலிங்குக்கும் ஒரு அடி இடைவெளி வேண்டும், நெருக்கமாக மாட்டினால் இறக்கை சுற்றும், காற்று வராது. எல்இடி லைட்டுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் இருக்கும் இடத்தில் திறந்து மூடும் பலகை கேளுங்கள். டிரைவர் என்றைக்காவது போகத்தான் செய்யும், அன்றைக்குச் சீலிங்கை அறுக்க வேண்டியிருக்கக் கூடாது. மாடி அறைகளுக்கு மேலே மொட்டைமாடியில் வெள்ளைக் கூல் டைல்ஸ் அல்லது வருடா வருடம் மாசியில் சுண்ணாம்பு. ஃபால்ஸ் சீலிங் தருவதைவிட அது கூடுதல் குளிர்ச்சி தரும்.

ஹால் ஃபேன் பற்றி நீங்கள் எழுதவில்லை. 19 அடி உச்சியில் ஃபேனை மாட்டினால் கீழே காற்று வராது. எட்டு ஒன்பது அடிக் குழாயில் தொங்கவிட்டால் ஆடும். இரண்டு சுவர் ஃபேன்களைத் தெற்கிலும் வடக்கிலும் எட்டடி உயரத்தில் எதிரெதிரே மாட்டினால் காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது எதிரொலி. கையை ஒருமுறை ஓங்கித் தட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று இழுத்தால், எதிரெதிர் வழுவழுப்புச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது. உங்கள் அளவுக்கும் பொருட்களுக்கும் கணக்குப் போட்டால் ஒரு சத்தம் அடங்க இரண்டரை நொடிக்குக் குறையாமல் எடுக்கும். பேச்சு தெளிவாகக் கேட்க அது ஒரு நொடியை ஒட்டி வர வேண்டும். முதல் வார்த்தை அடங்குவதற்குள் ஆறேழு வார்த்தை வந்து மேலே விழுந்தால் அத்தைக்கு எப்படிப் புரியும்? டிவி சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழம்பத்தான் செய்யும்.

இதற்கு விலையுயர்ந்த அகௌஸ்டிக் பேனல் அவசியமில்லை. ஒலி அடங்கும் நேரத்துக்கான கணக்கையே ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன் 1890களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பஞ்சும் துணியும் நாரும் ஒலியைக் குடிக்கும். நம் கொங்கு நாட்டில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

ஜன்னல் திரைக்குக் கரூர் போங்கள். ஏற்றுமதிக்கு நெய்கிற கனமான பருத்தித் துணி கிடைக்கும். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலே எட்டு அங்குலத்தில், இரு பக்கமும் ஒரு அடி நீட்டி 14 அடிக்குப் போடுங்கள். திரையைத் திறந்தால் அது சுவர்மேல் ஒதுங்கி நிற்கும், கண்ணாடி முழுக்கத் திறந்திருக்கும். துணி 54 அங்குல அகலமாக இருந்தால் ஆறு பாகம் வேண்டும். மொத்தம் 27 அடி அகலம், கம்பி நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த மடிப்புதான் ஒலியைக் குடிப்பது. தட்டையாகத் தொங்கும் துணி அழகாகவும் இருக்காது, ஒலியையும் அடக்காது. ஒவ்வொரு பாகமும் பத்தடி நீளம்: தரைவரை எட்டேமுக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, மீதி மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சுருக்கத்துக்கும். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு சுருங்கும், பத்தடியில் அது நாலு முதல் ஆறு அங்குலம். தைக்கும் முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். ஆக, அறுபது அடி, பதினெட்டரை மீட்டர் வாங்குங்கள். பெரிய பூப்போட்ட துணியாக இருந்தால் டிசைன் சேர்க்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிசைன் அளவு கூடுதல். கம்பிக்கு நாலு அடிக்கு ஒரு பிராக்கெட், அதுவும் லிண்டல் கான்கிரீட்டில். இரு முனையில் மட்டும் மாட்டினால் கம்பி வளைந்துவிடும். கீழ் மடிப்பில் ஈயச் சங்கிலியோ கனமான பட்டையோ கோக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆடியில் திரை கூரைக்குப் பறக்கும்.

தரைக்குப் பவானி ஜமக்காளம் நிச்சயம். அதன் கெட்டிப் பட்டைகளும் அடர்ந்த நிறங்களும் இந்த மாதிரி வெறுமையான ஹாலுக்கென்றே நெய்த மாதிரி இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி அது. விசைத்தறியில் ஓட்டிய போலியும் சந்தையில் அதே பெயரில் விற்கிறது, எனவே பவானியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: ஜமக்காளம் மெல்லியது, தனியாக விரித்தால் ஒலியை அவ்வளவாக அடக்காது, பளபள டைல்ஸில் வழுக்கவும் செய்யும். அடியில் எட்டு பத்து மி.மீ. ரப்பர் பிடிமானமுள்ள ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த நார் விரிப்பு) விரியுங்கள். அத்தை நடக்கும் வழியில் ஓரம் மடங்காமல் இருப்பது அழகைவிட முக்கியம். பத்தடிக்கு ஏழடி அளவு எடுத்தால் சோபாவின் முன்கால்கள் அதன்மேல் நிற்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆறுக்கு நாலு ஹாலின் நடுவில் மிதியடி மாதிரிதான் தெரியும்.

மிச்ச ஒலியைச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். எதிரெதிர் சுவர்களில் ஒன்றில் செய்தால் போதும். வடக்குச் சுவரில் வென்டிலேட்டருக்குக் கீழே, நாலடியிலிருந்து பத்தடி உயரம் வரைக்கும் பத்தடி அகலத்துக்கு இரண்டங்குல மரச்சட்டம் அடித்து, உள்ளே பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய் நார் ஃபெல்ட்டை வைத்து, முகத்தில் சென்னிமலைக் கைத்தறித் துணியை இழுத்து ஆணியடியுங்கள். நாருக்கும் சுவருக்கும் ஒரு அங்குலம் வெற்றிடம் விட்டால் கனத்த ஒலியும் சேர்ந்து அடங்கும். துணி காற்று புகுவதாக இருக்க வேண்டும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று தெரிய வேண்டும். ரெக்ஸினோ லெதரெட்டோ போட்டால் ஒலி அதில் மோதித் திரும்பும், உள்ளே இருக்கும் நார் சும்மா கிடக்கும். நார் எரியும் பொருள், எனவே அந்தச் சட்டத்துக்குள் வயரோ லைட்டோ செல்லக் கூடாது, விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

டிவி கிழக்குச் சுவரில் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தால் பகல் முழுக்கத் திரையில் தோட்டம்தான் தெரியும். தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள். உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்துக்கு டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் வர வேண்டும். எல்லோரும் ஐந்தடியில் மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்கிறார்கள். கரிநிற பிவிசி பேனல் இப்போது எல்லா வீட்டிலும் ஒட்டுகிறார்கள், இன்னும் ஐந்து வருடத்தில் எல்லா வீட்டிலும் பிய்ப்பார்கள். அது வழுவழுப்பானது, ஒலிக்கு உதவாது. பின்னால் ஓதம் ஏறினால் வெளியே தெரியாது. தெற்குச் சுவருக்கு அடர்ந்த மேட் பெயின்ட் அடித்தாலே டிவிக்குப் பின்னணியாகிவிடும்.

நிறம் பற்றி அவ்வளவு குழம்ப வேண்டாம். மேற்குச் சுவர், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள பகுதி, வெளிராகவே இருக்கட்டும். பிரகாசமான கண்ணாடிக்குப் பக்கத்தில் இருண்ட நிறம் அடித்தால் கண் கூசுவது அதிகமாகும். கிழக்குச் சுவர் வெயிலை நேரே வாங்கும் சுவர், அதுதான் இப்போது கண்ணைப் பறிக்கிறது. அங்கே வெள்ளையை விட்டு இளஞ்செம்மண், சந்தனம், வெளிர் களிமண் இந்த மாதிரி போங்கள். ஷேடு கார்டில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதன் அளவு. பளிச் வெள்ளைக்கு அது 85ஐ ஒட்டி இருக்கும். கிழக்குச் சுவருக்கு 50க்கும் 60க்கும் நடுவே தேர்ந்தெடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பார்த்து, காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ராத்திரி லைட்டிலும் ஒருமுறை பாருங்கள், மூன்று நேரமும் வேறு நிறம் தெரியும். அடர்சாம்பல் அடிக்க ஆசையிருந்தால் அந்தத் தெற்குச் சுவரில் அடித்துக்கொள்ளுங்கள். வால்பேப்பர் வேண்டாம். போர் தண்ணீரில் கட்டிக் கியூரிங் செய்த சுவரில் உப்பு மெல்ல மெல்லப் பூக்கும், பசை விடும், ஓரம் சுருளும். எங்காவது உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

லைட்டுக்கு, மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தை மறந்துவிடுங்கள். ஹாலுக்கு மொத்தம் ஐயாயிரம் ஆறாயிரம் லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்று 800, 900 லூமன் தரும் என்றால் ஆறேழு பல்புதான். அதை ஒரே இடத்தில் வைக்காமல், ஆறரை அடியில் நாலு சுவர் விளக்கு, சோபா பக்கம் ஒரு நிலை விளக்கு, நடுவில் ஒரு தொங்கும் விளக்கு என்று பிரித்து மூன்று ஸ்விட்சில் வையுங்கள். நிறம் 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழ், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். தொங்கும் விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒன்பதடி. அதை இறக்கிப் பல்பு மாற்றக் கப்பியோடு வாங்குங்கள், 19 அடிக்கு ஏணி கட்டும் வேலை ஒவ்வொரு முறையும் மிச்சம்.

தூண்கள்! மாமா சொல்வது சரி. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே திறப்பு இருந்தால், அதன் பீமுக்கு அடியில் இரு ஓரத்திலும் இரண்டையும் நிறுத்துங்கள். தொட்டிக்கட்டில் நடு முற்றத்தைச் சுற்றி நின்றவை, இங்கேயும் எல்லைக்காவலாக நிற்கும். ஆனால் அவை எதையும் தாங்கக் கூடாது. தூணின் தலைக்கும் பீமுக்கும் நடுவே கால் அங்குலம் விட்டு ஃபெல்ட் துண்டு செருகுங்கள், பீம் லேசாக இறங்கினாலும் தூணை நெரிக்காது. மேலே சின்னப் பட்டைக் கிளாம்பு. கீழே கல்லில் இருக்கும் குழியில் 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி நட்டுத் தூணை அதில் இறக்கினால் குழந்தைகள் தொங்கினாலும் சாயாது. கல்லுக்கு அடியில் டைல்ஸ் இருந்தால் அந்த இடத்தில் டைல்ஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் உட்கார வையுங்கள், புள்ளிப் பாரத்துக்கு டைல்ஸ் நொறுங்கும்.

நிறுத்துவதற்கு முன் மரத்தைத் தட்டிப் பாருங்கள். சன்னமான மாவு கொட்டினால் உளு இருக்கிறது, மண் தடம் இருந்தால் கரையான். ஓட்டைகளில் ஊசி மூலம் மருந்து செலுத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஒரு வாரம் வைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புது மரச்சாமானுக்கும் அது பரவும். பழைய எனாமல் பெயின்டை எடுப்பதாக இருந்தால் காயவைத்துத் தேய்க்காதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நனைத்துத் தேய்த்து, கழிவைச் சேர்த்து எடுத்துவிட வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகள் வேண்டாம். பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. பளபள மெலமைன் அடித்தால் நூறு வருட மரம் கடையில் வாங்கின பொருள் மாதிரி ஆகிவிடும். பித்தளை அண்டா, உரல் எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்து மியூசியம் ஆக்காதீர்கள். தூண்களுக்குத் துணையாக ஒரே ஒரு அண்டா போதும், உரல் பின்புறப் பொடக்காளியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் இருக்கட்டும்.

கிச்சனுக்கு அக்ரிலிக் கதவு அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் வளையும், கீறலும் எளிதில் விழும். கதவின் பளபளப்பைவிட உள்ளே இருக்கும் பலகையைப் பாருங்கள்: சிங்க் இருக்கும் பக்கம் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், 18 மி.மீ., அறுத்த ஓரமெல்லாம் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும். தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிப் பிவிசி காலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மி.மீ. மேட் லேமினேட் முகத்துக்குப் போதும். இதை அடுத்த வருடம் செய்தாலும் குடி முழுகாது.

நாலு லட்சத்தில் பாதியை வெளி நிழலுக்கும் வென்டிலேட்டருக்கும் ஒதுக்குங்கள், கால் பங்கு துணிக்கும் ஒலிக்கும், மீதியில் லைட்டும் பெயின்டும் தூணும். ஃப்ரேம் செய்கிறவரிடம் முன்பணம் கொடுக்குமுன் ஆங்கர் போல்ட் அளவு, எண்ணிக்கை, கான்கிரீட்டில்தான் மாட்டப்படும் என்பது, துத்தநாக பிரைமர் இவற்றைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வென்டிலேட்டர், லூவர், பெயின்ட் எல்லாம் வைகாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஆனி பிறந்து காற்று ஏறிவிட்டால் ஈரப் பெயின்டில் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும், 19 அடிச் சாரத்தில் ஆள் நிற்பதும் ஆபத்து. திரையும் ஜமக்காளமும் கடைசியில். சுவரும் லைட்டும் முடிந்த பிறகு துணி நிறத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.